அயோவா காகஸ் செயலி: வேலை தெரிந்தவர்களும் கோட் எழுதியவர்களும் சந்திக்காமல் போன இடம்

களப்பணியாளர்களுக்காகக் கட்டிய செயலி கோ-லைவ் அன்றே, அதாவது பயன்பாட்டுக்கு வரும் நாளிலேயே, படுத்துவிட்டால், "ஆப் சரியில்லை" என்ற ஒற்றை வரியோடு எல்லோரும் கதையை மூடிவிடுவார்கள். அப்படி மூடிவிடக் கூடாத ஒரு நிகழ்வு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 3 அன்று நடந்தது. ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நீண்ட வரிசையில் அப்போது முதலில் நின்ற மாநிலம் அயோவா. அன்று இரவே தெரிந்திருக்க வேண்டிய முடிவு மறுநாள் மாலையில் பாதிக்குச் சற்று மேலாக வந்தது. முழுசாக வர பிப்ரவரி 6 இரவு ஆகிவிட்டது.

அரசியல் கட்சியின் கதையை ஏன் நிறுவனச் செயலிகளைப் பற்றிப் பேசும்போது எடுக்க வேண்டும்? ஏனென்றால் இது அச்சு அசலாக ஒரு நிறுவனச் செயலி. பொதுமக்களுக்கானதல்ல. 1,765 இடங்களில் காகஸ் என்ற கட்சிக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பாளர்கள் தங்கள் இடத்து எண்களைத் தலைமையகத்துக்கு அனுப்புவதற்காகக் கட்டியது. விற்பனைப் பிரதிநிதி கடையிலிருந்து ஆர்டர் அனுப்பும் செயலியும், மீட்டர் கணக்கெடுப்பவர் வைத்திருக்கும் செயலியும் இதே வடிவம்தான். இங்கே ஒரு வசதியும் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் இப்படி ஒரு தோல்வி நடந்தால் உள்ளேயே புதைத்துவிடுவார்கள். இது ஊரறிய நடந்தது, பத்திரிகைகள் அலசின, கட்சியே வழக்கறிஞர்களை வைத்துத் தணிக்கை செய்து 2020 டிசம்பரில் அறிக்கை வாங்கியது.

விவரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: அந்த இரவில் கடைசியாக உடைந்த பொருள்தான் செயலி. அதற்கு மாதங்கள் முன்பே வேறொன்று உடைந்திருந்தது. வேலையை அறிந்தவர்கள், கோட் எழுதியவர்கள், ஒப்புதல் தரும் அதிகாரம் வைத்திருந்தவர்கள் என்று மூன்று தரப்பு. "அன்று இரவு வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?" என்ற கேள்விக்கு மூவரிடமும் மூன்று பதில் இருந்தது.

முதலில் அந்த வேலை

செயலியைப் பற்றிப் பேசும் முன் அந்த வேலையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போனால் எதுவும் புரியாது.

காகஸ் என்பது வாக்குச்சாவடி மாதிரி இல்லை. இரவு 7 மணிக்கு ஒரு பள்ளியின் விளையாட்டு அரங்கிலோ தேவாலயத்திலோ நூலகத்திலோ அந்தப் பகுதிக் கட்சிக்காரர்கள் கூடுவார்கள். யாருக்கு ஆதரவோ அந்தக் குழுவோடு போய் நிற்பார்கள். குழுவாரியாகத் தலைகளை எண்ணுவார்கள். இது முதல் எண்ணிக்கை. பெரும்பாலான இடங்களில் ஒரு குழுவுக்கு வந்தவர்களில் குறைந்தது 15 சதவீதம் பேர் இருக்க வேண்டும். அது இல்லாத குழு கலைந்து வேறு குழுவில் சேரலாம், அல்லது வேறு சிறு குழுக்களோடு சேர்ந்து தேறலாம். அப்புறம் மறுபடி எண்ணுவார்கள். இது இறுதி எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையிலிருந்து, கட்சியின் அடுத்த நிலை மாநாட்டுக்கு ஒவ்வொரு குழுவுக்கும் எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்குப் போட வேண்டும்.

கணக்கு எப்படி? ஓர் இடத்துக்கு 100 பேர் வந்திருக்கிறார்கள், அந்த இடத்துக்கு 5 பிரதிநிதிகள் என்று வைத்துக்கொள்வோம். இறுதியில் மூன்று குழுக்கள்: 51, 33, 16 பேர். ஒவ்வொன்றையும் 5ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 2.55, 1.65, 0.8 வரும். முழு எண்ணாக்கினால் 3, 2, 1. கூட்டினால் 6. இருப்பதோ 5. இப்போது ஒன்றைக் குறைக்க வேண்டும். யாரிடமிருந்து? மேல்நோக்கி முழுமையாக்கியதில் பின்னம் யாருக்குக் குறைவோ அவரிடமிருந்து. ஆகவே 2.55 வாங்கிய பெரிய குழு ஒன்றை இழக்கும். ஒரே ஒரு பிரதிநிதி வைத்திருக்கும் குழுவிடமிருந்து அதைப் பறிக்கக் கூடாது என்று தனி விதி உண்டு. பின்னங்கள் சமமாக இருந்தால் காசு சுண்டுவதும் உண்டு. இன்னொன்று, முதல் எண்ணிக்கை முடிந்ததும் சிலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்போதும் வகுக்கும் எண் ஆரம்பத்தில் வந்தவர்களின் எண்ணிக்கைதான், அது மாறாது. சத்தமான ஒரு கூடத்தில், இரவு எட்டரை மணிக்கு, ஒரு தன்னார்வலர் இதைத் தாளில் போட வேண்டும்.

2016இல் இவ்வளவும் நடந்தாலும், தலைமையகம் வெளியிட்டது கடைசியில் வரும் பிரதிநிதிக் கணக்கை மட்டும்தான். அந்த ஆண்டு ஹிலாரி கிளிண்டனும் பெர்னி சாண்டர்ஸும் மயிரிழையில் முன்பின்னாக வந்தார்கள். எத்தனை பேர் யாருக்கு நின்றார்கள் என்ற எண் வெளியே வராததால் சச்சரவு கிளம்பியது. அதன் விளைவாக 2020க்கு விதி மாறியது. முதல் எண்ணிக்கை, இறுதி எண்ணிக்கை, பிரதிநிதிக் கணக்கு ஆகிய மூன்றையும் வெளியிட வேண்டும். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தேர்வைத் தாள் அட்டையில் எழுதித் தர வேண்டும். முதல் எண்ணிக்கையிலேயே 15 சதவீதம் தேறிய குழுவில் இருப்பவர்கள் பிறகு குழு மாறக் கூடாது.

டெவலப்பர் கண்ணுக்கு இது "ஒரு ஃபீல்டு இருந்த இடத்தில் மூன்று ஃபீல்டு" என்று தெரியலாம். வேலை அப்படி மாறவில்லை. மூன்று எண்களும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துபவை. இறுதி எண்ணிக்கையின் கூட்டல், முதல் எண்ணிக்கையின் கூட்டலைத் தாண்டக் கூடாது. தேறிய குழு இரண்டாவது சுற்றில் சிறுத்துவிடக் கூடாது. எங்கே தவறு வந்தாலும் ஊர் முழுக்கப் பார்க்கும், ஏனென்றால் இந்த முறை எல்லாம் வெளியே வரும். முன்பெல்லாம் கூடத்துக்குள்ளேயே அமுங்கிவிட்ட சின்னச் சின்னக் கூட்டல் பிழைகள், புதிய விதியால் முதல் தடவையாக வெளிச்சத்துக்கு வரப்போகின்றன. இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் பிசினஸ் பக்கம் இருப்பவர்கள். பல கூட்டங்களை நடத்திப் பழகிய கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகிகளுக்கு எந்த இடத்தில் ஆட்கள் தடுமாறுவார்கள் என்று நன்றாகவே தெரியும். அந்த அறிவு கோட் எழுதுகிற மேசைக்கு எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்த ஆய்வின் மையக் கேள்வி.

மூன்று தரப்பு

டெ மாய்ன் நகரில் இருந்த அயோவா ஜனநாயகக் கட்சிதான் வேலைக்குச் சொந்தக்காரர். ட்ராய் பிரைஸ் அதன் தலைவர். செயலியைக் கட்டியது ஷேடோ என்ற சிறிய நிறுவனம். வாஷிங்டனில் இருக்கும் தேசியக் குழு, விதிகளை வகுக்கவும் மாநிலத் திட்டத்தை ஏற்கவும் நிராகரிக்கவும் அதிகாரம் கொண்டது. அதற்கென்று சொந்தமாக ஒரு தொழில்நுட்ப அணியும் இருந்தது. நம் நிறுவனங்களில் சொல்வதென்றால், களத்தை நடத்தும் கிளைப் பிரிவு ஒன்று, வெளி வெண்டர் ஒன்று, ஒப்புதல் தரும் தலைமை அலுவலகம் ஒன்று. இந்த அமைப்பைப் பார்க்காத ஐ.டி.காரர்கள் குறைவு.

2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரு கட்சிகளுக்கும் செயலி அமைத்துக் கொடுத்திருந்தது. அந்த ஏற்பாட்டை 2015 ஜூனிலேயே அறிவித்துவிட்டார்கள். காகஸுக்கு அரை ஆண்டுக்கும் மேலாக நேரம் இருந்தது. 2020க்கு அந்த மாதிரி நேரம் கிடைக்கவில்லை. கூட்டத்துக்கு நேரில் வர முடியாதவர்களுக்காகத் தொலைபேசி வழிக் காகஸ் நடத்துவது என்று மாநிலக் கட்சி முதலில் திட்டம் போட்டிருந்தது. பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லித் தேசியக் குழு அதை 2019 ஆகஸ்ட் கடைசியில் ஏற்க மறுத்தது. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். போன் வழி வாக்கைக் காப்பது லேசான காரியமில்லை. ஆனால் நாட்காட்டியில் அது என்ன செய்தது என்று பாருங்கள். ஐந்து மாதமே பாக்கி. மாற்றுத் திட்டமாக 87 துணைக் காகஸ் இடங்கள் வந்தன. அவற்றில் மூன்று வெளிநாட்டில். செயலியின் வேலை அந்தக் கலக்கத்துக்கு அப்புறம்தான் சூடு பிடித்தது. ஏறக்குறைய இரண்டே மாதத்தில் அவசரமாகக் கட்டப்பட்டது என்று பின்னால் செய்திகள் வந்தன.

பணமும் அதற்கேற்ற அளவுதான். மாநிலக் கட்சி ஷேடோவுக்குக் கொடுத்தது 60,000 டாலரைக் கொஞ்சம் தாண்டிய தொகை. அமெரிக்கச் சம்பளக் கணக்கில் இது ஓர் அனுபவமுள்ள டெவலப்பரின் முழு ஆண்டுச் சம்பளத்துக்குக்கூடப் போதாது. இரண்டு இயங்குதளங்களில் செயலி, பின்னால் தரவுத்தளம், பாதுகாப்பு, 1,700க்கும் மேற்பட்ட பயனர்களுக்கு உதவி என்று எல்லாவற்றையும் இந்தத் தொகைக்குள் அடக்கலாம் என்று நினைத்தது வெண்டரின் தவறு மட்டுமல்ல. எதை வாங்குகிறோம் என்று வாங்கியவருக்குத் தெளிவில்லாதபோதுதான் இப்படி விலை முடிவாகும். "எண்களை அனுப்ப ஓர் ஆப்" என்று வாங்கினால் அது மலிவு. "1,765 இடங்களின் முடிவை ஒரே இரவில், மூன்று எண்களாக, பிழை பிடித்து, உலகத்தின் முன் வைக்கும் ஏற்பாடு" என்று வாங்கியிருந்தால் யாரும் அந்த விலையைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

தாமதமாக வந்த ஒரு கோரிக்கை

டிசம்பர் தணிக்கை அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. காகஸுக்குச் சில வாரங்களே இருந்தபோது தேசியக் குழு ஒரு புதிய தேவையை வைத்தது. மாநிலக் கட்சிக்கு வரும் எண்கள் ஏறக்குறைய அதே நேரத்தில் தங்களுக்கும் வேண்டும். அதற்காகத் தரவை ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் கருவி ஒன்று கட்ட வேண்டியதாயிற்று. ஷேடோவின் தரவுத்தளம் ஒரு வடிவம், தேசியக் குழுவின் கருவி எதிர்பார்த்தது வேறு வடிவம். இடையில் நடந்த மாற்றத்தில் கோட் பிழை புகுந்தது. அன்று இரவு முடிவுகள் வரிசையாக வெளியே வராமல் அடைத்ததற்கு இந்த மாற்றுக் கருவி ஒரு பெரிய காரணம் என்கிறது அறிக்கை.

இந்த அறிக்கையை வாங்கியது மாநிலக் கட்சி. அதனால் தேசியக் குழுவின் மேல் விழும் பழியின் எடையை வாசகர் தாமே அளந்துகொள்ள வேண்டும். அதே அறிக்கை மாநிலக் கட்சியையும் விடவில்லை. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த போன் லைன்களுக்குப் போதிய ஆட்கள் இல்லை என்றும் சொல்கிறது. யார் மேல் எவ்வளவு பழி என்பதை விட, அந்தக் கோரிக்கை எப்படி உள்ளே வந்தது என்பதுதான் எனக்குப் பாடமாகத் தெரிகிறது.

தேசியக் குழுவின் இடத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான கேள்விதான். நாடே பார்க்கும் முடிவு; எங்களுக்கும் நேரடியாகத் தரவு தெரிய வேண்டும். இப்படிப்பட்ட கோரிக்கைகள் எல்லா நிறுவனத்திலும் கோ-லைவுக்கு முந்தைய மாதம் வந்து நிற்கும். தலைமை அலுவலகத்துக்கு ஒரு டாஷ்போர்டு வேண்டும், நிதிப் பிரிவுக்கு ஒரு ஃபீட் வேண்டும். "சின்ன வேலைதானே, தரவு ஏற்கனவே இருக்கிறதே" என்பார்கள். மறுக்க முடியாத இடத்திலிருந்து வருவதால் யாரும் மறுப்பதும் இல்லை.

அப்படியானால் என்ன செய்திருக்கலாம்? மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது எங்கே உட்காரும் என்பதைப் பேசியிருக்க வேண்டும். களத்திலிருந்து எண் வந்து, சரிபார்த்து, வெளியிடும் பாதை ஒன்று. அந்த இரவின் உயிரே அதுதான். அந்தப் பாதையின் நடுவில் புதிய கருவியை நுழைக்காமல், வெளியிட்ட எண்களின் நகலைப் பக்கவாட்டில் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தால், அது உடைந்தாலும் தேசியக் குழுவுக்கு மட்டும் தாமதமாகியிருக்கும். இந்த முடிவைத் தொழில்நுட்ப அணி தனியாக எடுக்க முடியாது, ஏனென்றால் யாருக்கு எந்த எண் எப்போது கட்டாயம் தேவை என்று அவர்களுக்குத் தெரியாது. பிசினஸ் தரப்பும் தனியாக எடுக்க முடியாது, ஏனென்றால் பாதையின் நடுவில் என்ன நுழைகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வெள்ளைப் பலகை முன் அரை மணி நேரம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு அழைக்கும் அதிகாரமும் பொறுப்பும் உள்ள ஒரே ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் இருந்ததற்கான தடயம் பொதுவெளியில் கிடைக்கும் விவரங்களில் என் கண்ணில் படவில்லை.

பயனர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள்

செயலி வழக்கமான ஆப் ஸ்டோர் வழியாகப் போகவில்லை. ஐபோன்காரர்களுக்கு டெஸ்ட்ஃப்ளைட், ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு டெஸ்ட்ஃபேரி. இரண்டும் சோதனைப் பதிப்புகளைக் கொடுத்துப் பார்ப்பதற்கான தளங்கள். நிறுவனங்கள் களப்பணியாளர்களின் போன்களை மையமாக நிர்வகிக்க வேறு ஏற்பாடு வைத்திருக்கும். இங்கே போன் அந்தத் தன்னார்வலருடையது. அவர் முதலில் ஒரு சோதனைத் தளத்தின் செயலியை நிறுவி, அழைப்பை ஏற்று, அதன் வழியாக இதை இறக்கி, எச்சரிக்கைத் திரைகளைத் தாண்டி, அப்புறம் பின் (PIN) எண்ணும் இரண்டாம் அடுக்குக் குறியீடும் போட்டு உள்ளே நுழைய வேண்டும். பொறுப்பாளர்களில் வயதானவர்கள் நிறையப் பேர். ஆண்டுக்கணக்கில் கூட்டம் நடத்திப் பழகியவர்கள், பிரதிநிதிக் கணக்கைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள். அவர்களை முதல் திரையிலேயே நிறுத்திவிட்டது இந்த ஏற்பாடு.

இங்கேதான் மிகவும் வருத்தப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது. காகஸுக்கு முன்பே பலர் முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள். "ஆப் வேண்டாம், எப்போதும் போல போன் பண்ணிச் சொல்லிவிடுகிறோம்" என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். சில கவுண்டிகளில் நிர்வாகிகளே அப்படி அறிவுரை சொன்னார்கள். கடைசியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இடங்களிலிருந்து மட்டுமே செயலி வழியாக எண் வந்தது.

நான்கில் மூன்று பங்கு பேர் செயலியைப் பயன்படுத்த மாட்டார்கள் என்பது அந்த இரவில் கிடைத்த தகவல் இல்லை. களத்தில் அது முன்பே இருந்தது. யார் பதிவிறக்கினார், யார் ஒரு தடவையாவது உள்ளே நுழைந்தார் என்பது தொழில்நுட்ப அணியின் பக்கம் எண்ணாகத் தெரிந்திருக்கும். யார் போன் செய்யப்போகிறார் என்பது கட்சி நிர்வாகிகளின் பக்கம் பேச்சாகத் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு தாளில் எழுதியிருந்தால், எண்களைப் போனில் வாங்கும் ஹாட்லைனில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டிருக்கலாம். 1,300 அழைப்புகள், ஒவ்வொன்றிலும் முன்பை விட மூன்று மடங்கு எண்கள், எல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குள். பிசினஸும் ஐ.டி.யும் இணைந்து வேலை செய்ய வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறோமே, என்னைக் கேட்டால் அதன் கூர்மையான அர்த்தம் இதுதான். ஒருவரிடம் இருக்கும் பாதித் தகவல் இன்னொருவரிடம் இருக்கும் பாதியோடு சரியான நாளில் சேர வேண்டும்.

மாநிலம் முழுவதற்குமான ஒத்திகையும் நடக்கவில்லை என்று அப்போதே செய்தியானது. இன்னொரு பக்கம், பாதுகாப்பைக் காரணம் காட்டிச் செயலியைக் கட்டியது யார் என்பதையே கட்சி வெளியே சொல்ல மறுத்தது. பாதுகாப்பில் அக்கறை சரி. ஆனால் ஒளித்துவைத்த செயலியைப் பற்றி வெளியிலிருந்து யாரும் கேள்வி கேட்க முடியாது. ஓர் ஊரில் ஒரு பொறுப்பாளர் தடுமாறினால், அடுத்த ஊர்க்காரரும் அதே இடத்தில் தடுமாறினாரா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

அந்த இரவு

கூட்டங்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தன. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 1,76,000 பேர் வந்தார்கள். எண்ணி, கணக்குப் போட்டு, தாளில் கையெழுத்திட்டு, தலைமையகத்துக்குச் சொல்ல உட்கார்ந்தபோதுதான் எல்லாம் முட்டிக்கொண்டது.

செயலிக்குள் நுழைய முடியாதவர்கள் ஹாட்லைனை அழைத்தார்கள். செயலியைத் தொடவே தொடாதவர்களும் அதே ஹாட்லைனைத்தான் அழைத்தார்கள். செயலியில் சந்தேகம் கேட்கவும் அதுவே வழி. போதாக்குறைக்கு, அந்த எண் இணையத்தில் பரவி, வேண்டுமென்றே தொந்தரவு செய்ய அழைத்தவர்களும் லைனை அடைத்தார்கள். ஒரு கூட்டத்தின் செயலர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஹோல்டில் காத்திருந்தபடியே சிஎன்என் நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே ஹாட்லைன் அவரை எடுத்தது. அவர் திரும்பிப் பேசுவதற்குள் மறுமுனை துண்டித்துவிட்டது. நாடு முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்தது.

செயலியின் மூலம் வந்த எண்களும், போனில் வந்த எண்களும், மூன்று எண்களுக்கு இடையிலான உறவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று தலைமையகத்தில் கண்டார்கள். வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்தது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் காலையில் ட்ராய் பிரைஸ் வெளியிட்ட அறிக்கை, செயலியில் பதிவான தரவு சரியாகவே இருந்தது, ஆனால் அதை வெளியே எடுக்கும் பகுதியில் கோட் பிழையால் தரவின் ஒரு பகுதி மட்டுமே வந்தது என்று விளக்கியது. பிழையை உடனே சரிசெய்தார்கள். ஆனாலும் அப்புறம் எந்த எண்ணையும் தாளோடு ஒப்பிடாமல் நம்ப முடியாது. தாள்களோ மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவற்றைப் போய் வாங்கி வர வேண்டியிருந்தது.

அந்தத் தாள்கள்தான் கடைசியில் காப்பாற்றின என்பதையும் சொல்ல வேண்டும். 2020க்குப் புதிதாக வந்த தாள் அட்டையும் கையெழுத்திட்ட கணக்குத் தாளும் இல்லாமல் போயிருந்தால், இந்தக் கூட்டங்களின் முடிவை யாரும் மீட்டிருக்கவே முடியாது. செயலி கட்டும்போது காகிதத்தைப் பழைய காலத்து மிச்சமாகப் பார்க்கும் பழக்கம் ஐ.டி. பக்கம் உண்டு. இங்கே அடிப்படை ஆவணம் காகிதம்தான், செயலி அதன் தூதர் மட்டுமே. அப்படி எண்ணித் தொடங்கியிருந்தால், செயலியின் திரைகள் அந்தக் கணக்குத் தாளின் வரிசையிலேயே அமைந்திருக்கும், தாளைப் படம் பிடித்து அனுப்பும் வழியே முதல் வழியாக இருந்திருக்கும். அன்று பலர் தாங்களாகவே அதைத்தான் செய்ய முயன்றார்கள்.

கணக்குத் தாள்களில் இருந்த பிழைகள் பற்றி இன்னும் கொஞ்சம். முடிவுகள் வெளியானதும் நியூயார்க் டைம்ஸ் அலசியதில் 100க்கும் மேற்பட்ட இடங்களின் எண்களில் முரண்கள் இருந்தன. தேறிய குழு இரண்டாவது சுற்றில் சிறுத்திருந்தது, கூட்டல் ஒத்துவரவில்லை, பிரதிநிதிகளைப் பிரித்ததில் தவறு. இவை செயலியின் பிழைகள் இல்லை, மனிதர்கள் கூடத்தில் போட்ட கணக்கில் வந்தவை. கையெழுத்திட்ட கணக்குத் தாளைக் கட்சி தானாகத் திருத்த முடியாது என்று கட்சியின் வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அதாவது கூடத்தை விட்டு வெளியே வந்தபின் பிழையைக் கட்சி தானாகத் திருத்த வழியில்லை. அப்படியானால் பிழையைப் பிடிக்க வேண்டிய சரியான இடம் அந்தக் கூடம், சரியான நேரம் கையெழுத்துக்கு முந்தைய நிமிடம். ஒரு செயலியால் உண்மையிலேயே பெரிய உதவி செய்திருக்கக்கூடிய இடமும் அதுவே: "இந்தக் குழு முதலில் 40 பேர், இப்போது 37 பேர் என்று போட்டிருக்கிறீர்கள், மறுபடி எண்ணுங்கள்" என்று கையெழுத்துக்கு முன்னால் சொல்வது. எண்களை வேகமாக அனுப்புவதிலேயே எல்லோருடைய கவனமும் போனது. அனுப்பும் வேலையைப் போனால் செய்துவிட முடியும். கணக்கைச் சரிபார்ப்பதைப் போனால் செய்ய முடியாது. பிசினஸ் பக்கத்திலிருந்து ஓர் அனுபவசாலி டெவலப்பர் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் முன்னுரிமை தலைகீழாக மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

பிறகு

வேட்பாளர்களான பீட் பூட்டஜெஜும் பெர்னி சாண்டர்ஸும் பிரதிநிதிக் கணக்கில் ஏறத்தாழ 0.1 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் நின்றார்கள். பூட்டஜெஜ் சற்று முன்னால். தலைகளின் எண்ணிக்கையிலோ சாண்டர்ஸ் முன்னால். இவ்வளவு நெருக்கமான முடிவில் எண்களின் தரம் இப்படி இருந்ததால், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் யார் வென்றார் என்று அறிவிக்கவே மறுத்துவிட்டது. பிப்ரவரி 12 அன்று ட்ராய் பிரைஸ் பதவி விலகுவதாக அறிவித்தார்.

நெவாடா மாநிலக் கட்சியும் ஷேடோவுக்குப் பணம் கொடுத்திருந்தது. பிப்ரவரி 22 அன்று அங்கே காகஸ். அயோவாவின் மறுநாளே அந்தச் செயலியை எடுக்கமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். மூன்று வாரம்கூட இல்லை. ஆனால் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். கட்சியே வாங்கிய ஏறத்தாழ 2,000 ஐபேட்களில், கூகுள் ஃபார்மில் அமைந்த ஒரு கணக்குக் கருவியைப் போட்டுக் கொடுத்தார்கள். போன் பயனருடையதாக இருக்கும் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. கருவி கணக்குப் போட உதவும், முடிவைச் சொல்வது போனில், கூடவே தாளின் படத்தையும் அனுப்ப வேண்டும். அழகான தொழில்நுட்பம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முன்கூட்டியே வாக்களித்தவர்களின் கணக்கையும் சேர்க்க வேண்டியிருந்ததால் முழு எண்கள் வருவது அங்கும் மெதுவாகத்தான் நடந்தது. ஆனாலும் சாண்டர்ஸ் வென்றார் என்று அன்றைக்கே அறிவிக்க முடிந்தது.

நெவாடாவுக்குக் கிடைத்த நேரம் அயோவாவை விடக் குறைவு. அதனால் நேரமின்மையை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. அவர்கள் செயலியின் வேலையைச் சுருக்கினார்கள். எது கருவியின் வேலை, எது போனின் வேலை, எது தாளின் வேலை என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவினை தொழில்நுட்ப முடிவு மாதிரி தெரிந்தாலும், கூட்டம் நடத்துபவர்களின் பக்கத்திலிருந்துதான் அதற்கான விடை வர முடியும்.

ஒரு களச் செயலித் திட்டத்தில் உட்காரப் போகிறவர்களுக்கு, அயோவாவை மனத்தில் வைத்து நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. செயலி இல்லாமல் இந்த வேலை இன்றைக்கு எந்தத் தாளில் நடக்கிறது, அந்தத் தாளை எழுதுகிற மூன்று பேரை டெவலப்பர் நேரில் பார்த்தாரா? பயனர்களில் எத்தனை பேர் இதுவரை ஒரு தடவையாவது உள்ளே நுழைந்தார்கள், நுழையாதவர்களின் வேலையை அன்றைக்கு யார் எந்த லைனில் எடுப்பார்? கடைசி மாதத்தில் வந்த கோரிக்கை பிரதான பாதையின் நடுவில் நுழைகிறதா, பக்கத்தில் நிற்கிறதா? "இன்றைக்குத் தயாரில்லை, தள்ளிப்போடுவோம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம், அவர் அறையில் இருக்கிறாரா? இவற்றுக்கு பிசினஸ் ஒரு பதிலும் ஐ.டி. வேறொரு பதிலும் சொன்னால், கோ-லைவ் தேதியைப் பற்றி இருவரும் ஒரே பதிலுக்கு வந்தபிறகு பேசலாம்.

அயோவா ஜனநாயகக் கட்சிக்கு அந்த இரவு விலை உயர்ந்ததாகவே முடிந்தது. ஆரம்பத்திலிருந்தே அந்த மாநிலத்தின் முதலிடத்தைக் கேள்வி கேட்டவர்களுக்கு அது வலுவான வாதமாகப் போயிற்று. 2024இல் தேசியக் குழு முதலிடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு அயோவா ஜனநாயகக் கட்சியினர் தங்கள் அதிபர் தேர்வை அட்டையில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். முடிவு மார்ச் 5 அன்று வெளியானது.